காய்ச்சல், இருமலோடு உடம்பில் தடிப்பு: எதைப் பார்க்க வேண்டும்?

ஒட்டுசுட்டான்_மகள்

எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்கு 24 வயது. வயலில் களை எடுப்பு, மருந்தடிப்பு என்று போய்வருபவன். தொண்டை நோவும் தடிமனுமாகத் தொடங்கி, அடுத்த நாள் காய்ச்சல் வந்துவிட்டது. இருமலும் இருக்கிறது. இன்று காலை சேட்டைக் கழற்றியபோதுதான் பார்த்தோம், நெஞ்சிலும் முதுகிலும் பரவலாகச் சின்னச் சின்னத் தடிப்புகள். முகத்தில் இல்லை. கொஞ்சம் கடிக்கிறது என்கிறான். அம்மா இது அம்மாள் வருத்தம் என்று படலையில் வேப்பிலை கட்டிவிட்டா. பெரியப்பா டெங்கு என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா கடையில் வாங்கிக் கொடுத்த கப்சூல் ஒத்துவரவில்லை என்கிறா. தடிமன் காய்ச்சலுக்குத் தோலில் இப்படி வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வீட்டில் ஆளுக்கொரு கதை சொல்லி அவனைப் பயப்படுத்துகிறார்கள்.

மல்லாவி_பொடியன்

டெங்குதான் அக்கா. மாரி காலம், நுளம்பு கூடிக் கிடக்கிறது. இரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட் எவ்வளவு என்று பாருங்கள், பப்பாசி இலைச் சாறு கொடுங்கள்.

வார்ட்டு_மிஸ்

தங்கச்சி, நான் வன்னியில் ஒரு அரச வைத்தியசாலையில் தாதியாக இருக்கிறேன். தடிப்பு என்ன நோய் என்பதை விடுங்கள், முதலில் தம்பியைப் பாருங்கள். மூச்சு வாங்குகிறதா? உதடு, நாக்கு, கண்மடல் வீங்கியிருக்கிறதா? வாய்க்குள் அல்லது கண்ணில் புண் இருக்கிறதா? எங்காவது தோல் கழன்று வருகிறதா? எழுப்பினால் தெளிவாகப் பேசுகிறானா? இதில் ஒன்று சரியில்லை என்றாலும் மேலே வாசிக்க வேண்டாம், 1990க்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

அப்படி ஒன்றும் இல்லை என்றால் ஒரு கண்ணாடிக் குவளையை எடுத்துத் தடிப்பின் மேல் அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது நிறம் மறைந்து, விட்டதும் திரும்பி வந்தால் அது தோலுக்குக் கீழே இரத்தக் குழாய் விரிந்ததால் வந்த நிறம். அழுத்தியும் மறையாத புள்ளி என்றால் இரத்தம் கசிந்திருக்கிறது. மறையாத புள்ளி காய்ச்சலோடு இருந்தால் விடியும்வரை பார்த்திருக்கக் கூடாது.

கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆம், வரும். மூச்சுக்குழாயில் தொற்றும் பல வைரசுகளுக்குத் தோலிலும் அடையாளம் வரும். பெரும்பாலும் வைரஸ் நேரே தோலைத் தாக்குவதில்லை, அதை எதிர்த்து உடம்பு செய்யும் வேலைதான் தோலில் தெரிகிறது. இந்தத் தடிப்புகள் அதிகமும் நெஞ்சு, முதுகு, வயிறு என்று உடம்பின் நடுப்பகுதியில் வந்து, ஒரு கிழமை பத்து நாளில் தானாகப் போய்விடும்.

கொரோனா நேரத்தில் இதை உலகம் முழுக்கக் கவனித்தார்கள். 2020 இன் தொடக்கத்தில் இத்தாலியின் லெக்கோ நகரில் ஒரு வைத்தியசாலையில் 88 நோயாளரைப் பார்த்ததில் 18 பேருக்குத் தோலில் ஏதோ ஒன்று இருந்தது. அதில் 8 பேருக்கு நோய் தொடங்கும்போதே வந்திருக்கிறது. பிறகு ஸ்பெயினில் 375 பேரை வைத்துப் பிரித்துப் பார்த்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, 47 சதவீதம், உங்கள் தம்பிக்கு இருப்பது போன்ற பரவலான சின்னத் தடிப்பு. 19 சதவீதம் பேருக்குத் திட்டுத் திட்டாக வீங்கிக் கடிக்கும் தடிப்பு. இன்னொரு 19 சதவீதம் பேருக்குக் கால் விரல், கை விரலில் ஊதா நிற வீக்கம். 9 சதவீதம் பேருக்கு நீர்க் கொப்புளம். 6 சதவீதம் பேருக்கு வலை பின்னியது போன்ற ஊதாக் கோடு அல்லது தோல் கருகுதல். கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் வயது போனவர்களுக்கும் நோய் கடுமையானவர்களுக்கும்.

ஆனால் தங்கச்சி, கொரோனா என்றால் இந்தத் தடிப்பு, டெங்கு என்றால் அந்தத் தடிப்பு என்று தோலைப் பார்த்துப் பெயர் வைக்க முடியாது. 2020 இல் தாய்லாந்தில் ஒருவருக்குத் தோலில் சிவப்புப் புள்ளியும் பிளேட்லெட் குறைவும் இருந்ததால் டெங்கு என்றே முதலில் எடுத்துக்கொண்டார்கள், பிறகுதான் கொரோனா என்று தெரிந்தது. சிங்கப்பூரில் கொரோனா நோயாளர் இருவருக்கு டெங்குப் பரிசோதனையே பிழையாகப் பொசிட்டிவ் காட்டியது. டெங்கு இருக்கிற ஊரில் டெங்கையும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

மல்லாவித் தம்பி, மாரி காலத்தில் டெங்கை நினைப்பது சரிதான். ஆனால் பப்பாசி இலையை நம்பி வீட்டில் வைத்திருக்க வேண்டாம். காய்ச்சலின் மூன்றாம் நாள் எஃப்.பி.சி. என்ற இரத்த அணுக்களின் பரிசோதனை எடுக்க வேண்டும், நிறைய நீராகாரம் கொடுக்க வேண்டும், காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும்தான் கொடுக்க வேண்டும். புரூபன், டைக்ளோபெனாக், அஸ்பிரின் எதுவும் கூடாது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதியாக இருக்கிற நேரம்தான் டெங்கில் ஆபத்தான நேரம்.

அப்புறம் கப்சூல். தடிப்பு முதலில் வந்ததா, கப்சூல் முதலில் குடித்தானா? ஞாபகப்படுத்தி ஒரு தாளில் எழுதுங்கள். காய்ச்சல் எப்போது, இருமல் எப்போது, தடிப்பு எப்போது எங்கே தொடங்கியது, என்ன மருந்து எப்போது. மருந்துப் பெட்டியையும் கொண்டு போங்கள். இந்த ஒரு தாள் இருந்தால் டொக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. வைரசுக் காய்ச்சலுக்கு அன்ரிபயோற்றிக் வேலை செய்யாது. சில வைரசுத் தொண்டை நோவுக்கு அமொக்சிசிலின் கொடுத்தால் அதனாலேயே உடம்பெல்லாம் தடிப்பு வரும். அதைப் பார்த்துவிட்டு இந்த மருந்து ஆயுளுக்கும் ஆகாது என்று வீட்டிலேயே முடிவுகட்டி விடுகிறார்கள். அது டொக்டர் பார்த்துச் சொல்ல வேண்டிய விசயம்.

இரணைமடு_கமக்காரன்

பிள்ளை, மிஸ் சொன்னது எல்லாம் சரி. வயல்காரன் என்ற முறையில் நானும் இரண்டு விசயம் சொல்லவேண்டும். தம்பி மருந்தடிக்கிறவன் என்று எழுதியிருக்கிறாய். முதுகில் சுமக்கிற தாங்கி கசிந்தால் முதுகு முழுக்க எரிந்து தடிக்கும். ஆனால் அது தாங்கியும் பட்டியும் படுகிற இடத்தில் மட்டும் இருக்கும், நெஞ்சு முழுக்கப் பரவாது. காஞ்சோண்டி, மயிர்க்கொட்டி பட்டாலும் பட்ட இடத்தோடு சரி.

மற்றது உண்ணிக்காய்ச்சல். எங்கள் பக்கம் பற்றைக் காடு கூட. வரம்புக் கரை, துப்பரவு செய்யாத காணி, மாடு கட்டுகிற இடம் எல்லாம் இது இருக்கும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இருமலும் காய்ச்சலும் என்று சளி மருந்தே குடித்துக்கொண்டு கிடந்தார், காய்ச்சல் விடவேயில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் உடுப்பைக் கழற்றிப் பார்த்தபோது அரையில் ஒரு கறுத்த பொருக்கு. அதற்குரிய மருந்து கொடுத்ததும் இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். தம்பியின் கமக்கட்டு, அரை, முழங்காலின் பின்புறம் எல்லாம் பார்க்கச் சொல். வெட்கப்பட்டுக் காட்டாமல் விட்டுவிடுவான்கள்.

வார்ட்டு_மிஸ்

ஐயா, மிகவும் நன்றி. நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய விசயத்தை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். உண்ணிக்காய்ச்சல் வைரஸ் அல்ல, ஆனால் தொடக்கத்தில் வைரசுக் காய்ச்சல் மாதிரியே இருக்கும். தலையிடி, காய்ச்சல், இருமல், நெஞ்சிலும் முதுகிலும் மங்கலான தடிப்பு எல்லாம் வரும். அந்தக் கறுத்த பொருக்கு சிகரெட்டால் சுட்ட காயம் போல இருக்கும், நோகாது, கடிக்காது, அதனால் ஆளுக்கே தெரியாது. பற்றைகளில் இருக்கும் மிகச் சின்ன உண்ணிக் குஞ்சு கடித்த இடம் அது. டொக்சிசைக்கிளின் என்ற அன்ரிபயோற்றிக்கை நேரத்துக்குக் கொடுத்தால் வேகமாகச் சுகமாகும். கொடுக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று போகும். பொருக்கு எல்லாருக்கும் இருக்காது, அதனால் இல்லை என்பதை வைத்து இந்த நோய் இல்லை என்றும் சொல்ல முடியாது.

வயலில் இறங்குபவன் என்பதால் எலிக்காய்ச்சலையும் சேர்த்துச் சொல்கிறேன். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது எத்தனை குடும்பங்களைப் பாதித்தது என்று நம் எல்லாருக்கும் தெரியும். கண் சிவந்து, கெண்டைக்கால் தசை பிடித்து நொந்தால், சிறுநீர் குறைந்தால், வயலில் வெள்ளத்தில் நின்றேன் என்று நீங்களே டொக்டரிடம் சொல்லுங்கள். கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

ஒட்டுசுட்டான்_மகள்

மிஸ், ஐயா, இப்போதுதான் ஆஸ்பத்திரியால் வந்தோம். தாளில் எழுதிக்கொண்டு போனேன். அம்மாவிடம் கேட்டபோதுதான் தெரிந்தது, கப்சூல் வாங்குவதற்கு முதல் நாள் இரவே தோளில் தடிப்பு இருந்திருக்கிறது. டொக்டர் உடம்பு முழுக்கப் பார்த்தார். பொருக்கு இல்லை. அழுத்தினால் நிறம் மறைகிறது. நெஞ்சு சுத்தமாக இருக்கிறது. பிளேட்லெட் நல்ல நிலை, ஆனாலும் நாளைக்கும் எஃப்.பி.சி. எடுக்கச் சொன்னார். வைரசுக் காய்ச்சலாக இருக்கலாம், காய்ச்சல் இன்னும் இரண்டு நாளில் விடாவிட்டால் உண்ணிக்காய்ச்சலை நினைக்க வேண்டும் என்றார். கடிக்கு செற்றிரிசினும் கலமைனும் தந்தார். கப்சூலை நிறுத்தச் சொன்னார்.

முள்ளியவளை_ரொறன்ரோ

தம்பி சுகமாக வேண்டும் என்று வேண்டுகிறேன். நான் இங்கே முதியோர் இல்லத்தில் வேலை. 2020 இல் எங்களோடு வேலை செய்த இளம் பிள்ளைகள் சிலருக்குக் கால் விரல் ஊதா நிறமாக வீங்கி, கடித்து, எரிந்தது. பனிக்கடி என்று நினைத்தார்கள், ஆனால் வெளியே பனி இல்லை. பிறகுதான் கொரோனாவோடு சேர்த்துப் பேசத் தொடங்கினார்கள். அநேகமாக இளம் ஆட்களுக்கு, நோய் இலேசாக வந்து போன பிறகு வந்தது. பலருக்குப் பரிசோதனையில் ஒன்றுமே காட்டவில்லை.

அந்த நேரம் படங்களைத் தேடிப் பார்த்தபோது ஒரு விசயம் மனதை உறுத்தியது. எல்லாமே வெள்ளைத் தோல். என் அக்காவின் மகளுக்குக் கையில் வந்ததை அந்தப் படங்களோடு வைத்துப் பார்த்தால் ஒன்றும் ஒத்துவரவில்லை. அவளுக்குச் சிவப்பே இல்லை, கறுப்பாக, மண் நிறமாக இருந்தது. நம் ஆட்கள் எதை வைத்துப் பார்ப்பது?

யாழ்_மருத்துவ_மாணவி

அக்கா, நீங்கள் கவனித்தது உண்மை. 2020 இல் இதை ஆய்வாகவே செய்தார்கள். கொரோனாவில் வரும் தோல் அடையாளங்கள் பற்றி அதுவரை வெளிவந்த கட்டுரைகளில் இருந்த 130 படங்களை எடுத்துப் பார்த்ததில் 120 படங்கள் வெளிர் நிறத் தோல். தோல் நிறத்தை ஆறு வகையாகப் பிரிப்பார்கள், அதில் மிகக் கறுத்த இரண்டு வகைக்கு ஒரு படம் கூட இல்லை. நாங்கள் படிக்கிற பாடப் புத்தகங்களிலும் படங்கள் அதிகமும் அப்படித்தான். எனக்கு இது கோபம் தருகிற விசயம், ஏனென்றால் வார்ட்டில் நாங்கள் பார்ப்பது நம் தோலைத்தானே.

புத்தகத்தில் சிவப்பு என்று எழுதியிருப்பது நம் தோலில் ஊதாவாக, கடும் மண் நிறமாக, சில நேரம் சாம்பல் நிறமாகத் தெரியும். மிகவும் கறுத்தவர்களில் நிறமே தெரியாமல் சொரசொரப்பு மட்டும் இருக்கும். அதனால் வெயில் வெளிச்சத்தில் பாருங்கள், மின்குமிழ் வெளிச்சத்தில் வேண்டாம். கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தாமல் விரலால் தடவிப் பாருங்கள், வீக்கமும் சூடும் கையில் தெரியும். உள்ளங்கை, உள்ளங்கால், உதட்டின் உட்பக்கம், கண்மடலின் உட்பக்கம் இவற்றில் நிறமாற்றம் சுலபமாகத் தெரியும். இரத்தக் கசிவுப் புள்ளியையும் அங்கேதான் முதலில் தேட வேண்டும். போனில் படம் எடுத்தால் பிளாஷ் போடாமல் எடுங்கள், பக்கத்தில் நல்ல தோலும் படத்தில் வர வேண்டும்.

தடிப்பு போன பிறகு நம் தோலில் கறுத்த அடையாளம் பல மாதம் நிற்கும். நோய் இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. தயவுசெய்து அதை வெளுக்கவைக்க ஸ்டெரொயிட் கிறீம் வாங்கிப் பூசாதீர்கள். தோல் மெலியும், தேமல், படர்தாமரை இருந்தால் இன்னும் பரவும்.

வார்ட்டு_மிஸ்

மகள் நன்றாகச் சொன்னீர்கள். இரத்தத்தில் ஒட்சிசனை அளக்க விரலில் மாட்டுகிற ஒக்சிமீற்றருக்கும் இதே குறை இருக்கிறது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில் உண்மையில் இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்திருந்தது வெள்ளையர்களை விடக் கறுப்பினத்தவர்களில் ஏறத்தாழ மூன்று மடங்கு. எனவே இலக்கம் 94 காட்டுகிறது என்று சொல்லி மூச்சு வாங்குகிற ஆளை வீட்டில் வைத்திருக்காதீர்கள். நெஞ்சு உள்ளிழுக்கிறதா, ஒரு வசனம் முழுதாகப் பேச முடிகிறதா என்பதைப் பாருங்கள்.

மல்லாவி_பொடியன்

மிஸ், பப்பாசி பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இந்த அம்மாள், வேப்பிலை எல்லாம் இன்னும் எத்தனை காலத்துக்கு? இதனால்தான் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் கிடக்கிறார்கள்.

துணுக்காய்_ரீச்சர்

தம்பி, கோபத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அடிக்காதே. எங்கள் ஊர்களில் வற்றாப்பளை அம்மனை நினைக்காமல் ஒரு தாயும் காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கமாட்டாள். படலையில் வேப்பிலை கட்டினால் அந்த வீட்டுக்கு ஆள் போகாது. பிள்ளையைத் தனி அறையில் வைப்பார்கள், கலியாண வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள், பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பமாட்டார்கள். அம்மாள் வருத்தம் என்று சொல்கிற கொப்புளிப்பான் (சிக்கன் பொக்ஸ்) மூச்சுக் காற்றாலும் பரவுகிற வைரஸ். அதற்கு இது நல்ல வழக்கம்தானே. கொரோனா நேரத்தில் வீட்டுக்கு வீடு தாள் ஒட்டியதை எங்கள் அம்மாமார் பல தலைமுறையாக வேப்பிலையால் செய்தார்கள்.

ஆனால் வேப்பிலை கட்டியாயிற்று, இனி மருந்து தொடக்கூடாது, உடம்பு கழுவக்கூடாது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். என் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்குக் கொப்புளம் எல்லாம் சொறிந்து சீழ் வைத்து, முகத்தில் தழும்போடு வந்தது. பார்க்கவே மனம் கேட்கவில்லை.

வார்ட்டு_மிஸ்

ரீச்சர், இதை அப்படியே எங்கள் கிளினிக் சுவரில் எழுதலாம். கொப்புளிப்பான் பெரியவர்களுக்கு வந்தால் சின்னப் பிள்ளைகளை விடக் கடுமையாக இருக்கும், நுரையீரலைத் தாக்கும். கொப்புளம் தோன்றி 24 மணித்தியாலத்துக்குள் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்கினால்தான் முழுப் பயன். அம்மாளை வழிபடுங்கள், அன்றைக்கே டொக்டரிடமும் காட்டுங்கள். கர்ப்பிணிப் பெண்கள் அந்த வீட்டுக்குப் போகவே கூடாது, தெரியாமல் போய்வந்திருந்தால் உடனே சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கூடாது. நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், குளிர்ந்த நீரால் உடம்பு கழுவலாம். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்காகும்வரை பள்ளிக்கூடம் வேண்டாம்.

ஒட்டுசுட்டான்_மகள் அவர்களின் தம்பிக்கு இருப்பது கொப்புளிப்பான் மாதிரித் தெரியவில்லை. அதில் ஒரே நேரத்தில் தடிப்பு, நீர்க் கொப்புளம், பொருக்கு மூன்றும் கலந்து இருக்கும், முகத்திலும் தலைத் தோலிலும் வரும். அதனால் அம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள், கோபிக்க வேண்டாம்.

விசுவமடு_அம்மா

மிஸ், எனக்கும் ஒரு கேள்வி. கடும் காய்ச்சல் வந்து போய் இரண்டரை மாதம். இப்போது தலை வாரினால் கை நிறைய முடி வருகிறது. என்ன வருத்தம் இது?

வார்ட்டு_மிஸ்

பயப்படாதீர்கள் அம்மா. கடும் காய்ச்சல், பிள்ளைப்பேறு, பெரிய சத்திரசிகிச்சை எதற்குப் பிறகும் இரண்டு மூன்று மாதத்தில் இப்படிக் கொட்டும். டெங்கு, கொரோனா, சிக்குன்குனியா எல்லாவற்றுக்கும் உண்டு. காய்ச்சல் நேரத்தில் நிறைய முடி ஒரேயடியாக ஓய்வுக்குப் போய்விடுகிறது, அதுதான் இப்போது விழுகிறது. வேர் சாகவில்லை, திரும்ப முளைக்கும், ஆறு மாதம் வரை பொறுக்க வேண்டும். விலை கூடிய எண்ணெய்க்குக் காசைக் கொட்டாமல் முட்டை, மீன், பயறு, கீரை சாப்பிடுங்கள். களைப்பும் இருந்தால் இரத்தச்சோகை, தைரொயிட் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். திட்டுத் திட்டாக வழுக்கை விழுந்தால் அது வேறு, தோல் கிளினிக்கில் காட்டுங்கள்.

ஒட்டுசுட்டான்_மகள்

இரண்டாவது இரத்தமும் நல்லது என்று சொன்னார்கள். காய்ச்சல் நேற்று இரவு விட்டது. டெங்கு நேரம் என்பதால் இன்னும் கவனமாகத்தான் இருக்கிறோம், சிறுநீர் போகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். முதுகில் மங்கிக்கொண்டு வருகிறது. கையில் மட்டும் கொஞ்சம் கடி. வீட்டில் அக்காவின் கைப்பிள்ளை இருக்கிறாள், எட்டு மாதம். அவளுக்கும் தடிமன் தொடங்கிவிட்டது. எதைப் பார்க்க வேண்டும்?

வார்ட்டு_மிஸ்

முலைப்பால் குடிக்கிறாளா, சிறுநீர் வழமை போலப் போகிறாளா, மூச்சு எடுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா, இந்த மூன்றும்தான் முதல். குடிக்க மறுத்தால், மூச்சு வேகமானால், தூங்கி வழிந்தால் உடனே கொண்டு வாருங்கள். தடிமன் மட்டும் என்றால் மூக்கைச் சுத்தமாக வைத்துக்கொண்டு பால் கொடுங்கள். தம்பி அவளைத் தூக்க வேண்டாம்.

எட்டு மாதம் என்று சொன்னதால் ஒரு விசயத்தை விட மனமில்லை. சின்னமுத்து (மீசில்ஸ்). அதுவும் மூச்சால் பரவுவதுதான், ஒருவரிடமிருந்து தடுப்பூசி போடாத பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்குப் போகும். முதலில் காய்ச்சல், இருமல், மூக்கால் ஓடுதல், கண் சிவந்து நீர் வடிதல். மூன்று நாலு நாள் கழித்துக் காதுக்குப் பின்னாலும் நெற்றி மயிர் ஓரத்திலும் தடிப்புத் தொடங்கி முகம், நெஞ்சு, கால் என்று கீழே இறங்கும். அதற்கு முன்னமே கன்னத்தின் உட்பக்கம் உப்புக் கல் அளவு வெள்ளைப் புள்ளி தெரியலாம். நம் பிள்ளைகளில் நிறம் தெரியாவிட்டாலும் தடவினால் சொரசொரப்பு தெரியும். 2019 இல் இலங்கையில் சின்னமுத்து ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது, 2023 இல் திரும்ப வந்துவிட்டது. அதற்கான தடுப்பூசி எம்.எம்.ஆர்., ஒன்பது மாதத்தில் ஒன்று, மூன்று வயதில் ஒன்று. குடும்பநல உத்தியோகத்தரிடம் இப்போதே திகதி கேட்டு வையுங்கள். அன்றைக்கு மூக்கால் ஓடுகிறது என்று ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம், சாதாரண தடிமன் அதற்குத் தடை இல்லை.

எந்தப் பிள்ளைக்காவது காய்ச்சலோடு இப்படித் தடிப்பு இருந்தால், வெளிநோயாளர் வரிசையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நடுவில் உட்கார வைக்காதீர்கள். வாசலிலேயே எங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள், தனியாக இருத்துவார்கள். தடிப்பு வருவதற்கு நாலு நாள் முன்னும் வந்து நாலு நாள் வரையும் அது பரவும்.